மஞ்சப்பை முதல் மைக்ரான் வரை - ஒரு பையின் கதை

போன சனிக்கிழமை மறுபடியும் அதே தப்பைச் செய்தேன். செம்பூர் மார்க்கெட்டில் வெண்டைக்காய் ஒரு கிலோ, தக்காளி ரெண்டு கிலோ, கொத்துமல்லிக் கட்டு ரெண்டு எல்லாம் எடை போட்டு முடித்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. காய்க்கார மௌஷி தராசுத் தட்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "பிஷ்வி?" என்று ஒரே சொல். மராட்டியில் பிஷ்வி என்றால் பை. நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் பம்பாயில் குப்பை கொட்டியிருக்கிறேன் (இந்தப் பதிவைப் படித்து முடித்தால் இந்தச் சொற்றொடரின் நேரடி அர்த்தமும் புரியும்), இன்னும் பை எடுத்துப் போகிற பழக்கம் முழுசாக வரவில்லை.

கடைசியில் தக்காளியை அலுவலகப் பைக்குள்ளும் வெண்டைக்காயை ஹெல்மெட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. எங்கள் வீட்டில் என் பத்து வயது வரைக்கும் 'கடையில் பை கொடுப்பார்கள்' என்ற நினைப்பே யாருக்கும் கிடையாது. இடையில் எப்போது, எப்படி, யார் நம்மை இப்படிப் பழக்கினார்கள்? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ ஏதாவது எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கூம்புப் பொட்டலமும் சணல் நூலும்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மளிகைக்கடை அண்ணாச்சியின் தலைக்கு மேல் ஒரு நூல்கண்டு தொங்கும். பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, அதில் துவரம்பருப்பைக் கொட்டி, வாயை மடித்து, மேலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி, ஒரே வெட்டில் அறுப்பார். அந்த நூலை அம்மா எறிய மாட்டாள். பூத்தொடுக்க ஆகும். பேப்பரை நான் எறிய மாட்டேன். பாதித் தொடர்கதை அதில்தான் படித்தேன், முடிவு தெரியாமலே.

எண்ணெய்க்குப் பாட்டில், பாலுக்குத் தூக்குச்சட்டி, கறிக்குத் தாமரை இலை அல்லது தேக்கிலை, பூவுக்கு வாழையிலை, கருப்பட்டிக்கு ஓலைக்கொட்டான். அரிசிக்குச் சாக்குப்பை. சந்தைக்கு வயர்கூடை. இது எல்லாவற்றுக்கும் மேலே ஆணியில் தொங்கும் மஞ்சப்பை. ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தது. மாப்பிள்ளை பெண் பெயரும் முகூர்த்த தேதியும் அச்சடித்திருக்கும். அந்தத் தம்பதிக்கு மூணு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் எங்கள் வீட்டில் அந்தப் பை உழைத்துக்கொண்டிருந்தது.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பொட்டலம் மழையில் நனைந்து சர்க்கரை கரைந்து அடி வாங்கியிருக்கிறேன். சாணித்தாள் மை அரிசியில் ஒட்டும். கடைக்காரருக்கு ஒரு பொட்டலம் கட்ட ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பின்னால் வந்தவன் விலைக்கு வாங்கிக்கொண்டான்.

தற்செயலாகப் பிறந்த வெள்ளை மெழுகு

1933. இங்கிலாந்தின் நார்த்விச் நகரில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடம். ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் என்று இரண்டு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவைப் பயங்கர அழுத்தத்தில் வேறொரு பொருளோடு சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். நம் வாயில் பாலிதீன். இரண்டாம் உலகப்போரில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறை போட இது உதவியது. மளிகைக்கும் இதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை.

1953-ல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர், அவ்வளவு அழுத்தம் இல்லாமலே ஒரு கிரியாஊக்கியை வைத்து இன்னும் உறுதியான பாலிஎத்திலீன் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். இவருக்கும் இத்தாலியின் ஜியூலியோ நட்டாவுக்கும் 1963-ல் நோபல் பரிசு. கசக்கினால் 'சரசர' என்று சத்தம் போடும் மெல்லிய கேரி பேக் இந்த உறுதியான வகையைச் சேர்ந்ததுதான்.

பை என்ற உருவத்தைக் கொடுத்தவர் ஸ்வீடன்காரர். ஸ்டென் குஸ்டாஃப் தூலின். நோர்ஷோப்பிங் நகரத்தில் செல்லோபிளாஸ்ட் என்ற கம்பெனியில் இருந்தார். குழாய் மாதிரி வரும் பிளாஸ்டிக் படலத்தை மடித்து, அடியை ஒட்டி, மேலே ஒரு வெட்டு. இரண்டு கைப்பிடியோடு பை தயார். தையல் இல்லை, தனியாகக் கைப்பிடி ஒட்டும் வேலை இல்லை. 1965-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பனியன் மாதிரி இருப்பதால் டி-ஷர்ட் பை என்று பெயர். நாலஞ்சு கிராம் எடையுள்ள சாமான், நாலஞ்சு கிலோவைத் தூக்கும். தன்னைப்போல் ஆயிரம் மடங்கு! ஒரு பொறியாளனாக இதற்குத் தலைவணங்காமல் இருக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தூலினின் மகன் பிற்பாடு பத்திரிகைகளிடம் சொன்னது: அப்பா இந்தப் பையைச் செய்ததே காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கத்தான், ஒரே பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார், ஒரு தடவை வாங்கி எறிந்துவிடுவார்கள் என்பது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்கும். ஆக, பையைக் கண்டுபிடித்தவரே பையை வீட்டிலிருந்து எடுத்துப் போனவர். நாம்தான் ஹெல்மெட்டில் வெண்டைக்காய் கொண்டு வருகிறோம்.

1977-ல் அமெரிக்காவில் மோபில் கம்பெனி வழக்காடி செல்லோபிளாஸ்ட்டின் காப்புரிமையை உடைத்தது. 1982-ல் சேஃப்வே, க்ரோகர் என்ற இரண்டு பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பிளாஸ்டிக் பைக்கு மாறின. காகிதப் பையைவிட விலை குறைவு என்பதுதான் காரணம். அதன்பின் உலகம் முழுக்க வெள்ளம்தான்.

ஜவ்வுத்தாள் கௌரவம்

இந்தியாவில் பாலிதீன் தயாரிப்பு 1950-களின் இறுதியில் கல்கத்தா பக்கத்தில் ரிஷ்ராவில் தொடங்கியது. 1969-ல் அரசின் ஐ.பி.சி.எல். நிறுவனம் உருவாகி, பரோடாவில் பெரிய ஆலை கட்டியது. 1990-களின் தொடக்கத்தில் சூரத் அருகே ஹஜீராவில் ரிலையன்ஸ் இறங்கியது. தாராளமயமாக்கலும் அப்போதுதான். மூலப்பொருள் மலிந்தது. படலத்தை ஊதிப் பை வெட்டும் இயந்திரம் ஒரு சின்னக் கொட்டகையில் அடங்கிவிடும் சாமான். தெருவுக்குத் தெரு முளைத்தது.

எங்கள் ஊருக்கு ஜவ்வுத்தாள் பை வந்தபோது அது கௌரவம். ஜவுளிக்கடைப் பெயர் போட்ட கவரை அம்மாக்கள் பெட்டிக்குள் மடித்து வைத்தார்கள். மறுபக்கம் மஞ்சப்பை கேலிப்பொருள் ஆனது. சினிமாவில் பட்டிக்காட்டான் பட்டணத்துக்கு வந்து இறங்குவதைக் காட்ட வேண்டுமா? கக்கத்தில் ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தால் போதும். தியேட்டரே சிரிக்கும்.

1999-ல் அம்மா முதல் தடவை பம்பாய் வந்தாள். தாதர் ஸ்டேஷனில் இறங்கும்போது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வயர்கூடை, ரெண்டு மஞ்சப்பை. ஒன்றில் முறுக்கு, ஒன்றில் கடலைமிட்டாய். கூட என் அலுவலக நண்பன் வந்திருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டேஷன் வாசலில் ஒரு கடையில் பெரிய பிளாஸ்டிக் பை வாங்கி, ரெண்டு மஞ்சப்பையையும் அதற்குள் போட்டு மறைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "பைக்கு எதுக்குய்யா ஒரு பை?" என்று மட்டும் கேட்டாள்.

இருபது வருஷமாக அரசாங்கங்களும் ஐ.நா. சபையும் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. அன்றைக்கு எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

மலைகள்தான் முதலில் விழித்தன

சமவெளியில் நாம் கௌரவம் கொண்டாடிய அதே வருஷங்களில் மலைப்பகுதிகள் பையை விரட்ட ஆரம்பித்துவிட்டன. மலையில் குப்பையை ஒளித்து வைக்க இடம் கிடையாது. ஓடையை அடைத்தால் அடுத்த மழையில் சரிவே இறங்கிவிடும்.

இமாச்சலப் பிரதேசம் 1995-லேயே மக்காத குப்பைக்கு எதிராகச் சட்டம் போட்டது. 1998-ல் சிக்கிம் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. அதே 1998-ல் லே நகரில் லடாக் பெண்கள் கூட்டமைப்பு முன்னின்று பிளாஸ்டிக் பையை ஊரைவிட்டு வெளியேற்றியது. நீலகிரியில் 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு இதை ஒரு இயக்கமாகவே நடத்தினார். ஊட்டிக்குப் போகிற வழியில் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துக்கொண்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

மத்திய அரசின் முதல் விதி 1999 செப்டம்பரில் வந்தது. புதுப் பிளாஸ்டிக்கில் செய்த பை 20 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, மறுசுழற்சிப் பிளாஸ்டிக் என்றால் 25. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

'ஏன்யா, மெலிசாக இருந்தால் பிளாஸ்டிக் குறைவுதானே, தடிமன் ஏன் கூட்டச் சொல்கிறார்கள்?' என்று நானும் கேட்டிருக்கிறேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டதும் புரிந்தது. 30 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவில் ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மைக்ரான் என்றால் எடை சுமார் நாலரை கிராம். ஒரு கிலோ சேர்க்கக் கிட்டத்தட்ட 220 பை பொறுக்க வேண்டும். 50 மைக்ரான் என்றால் 90-க்குப் பக்கம். 120 மைக்ரான் என்றால் 36, 37 போதும்.

இப்போது குப்பை பொறுக்கிப் பிழைக்கிற ஒருவரின் இடத்தில் நின்று பாருங்கள். அவருக்குக் காசு கிலோ கணக்கில். சேறு படிந்த 220 பையைக் குனிந்து குனிந்து எடுப்பாரா, அல்லது ஒரு கனமான பிளாஸ்டிக் டப்பாவை எடுப்பாரா? அதனால்தான் தெருவில் தண்ணீர் பாட்டில் மாயமாகிவிடுகிறது, மெலிசுப் பை மட்டும் கிடக்கிறது. தாராவியில் 13-ஆம் காம்பவுண்டு பக்கம் போனால் பம்பாயின் பிளாஸ்டிக் எல்லாம் நிறம் பிரித்து, தரம் பிரித்து, அரைத்து, மறுபிறவி எடுப்பதைப் பார்க்கலாம். தாராவி எப்படிப்பட்ட இடம், அங்கே நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் எத்தனை தலைமுறையாக உழைக்கிறார்கள் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாராவிகூட மெலிசுப் பையை மதிக்காது.

தடிமன் கூடினால் இன்னொன்றும் நடக்கும். கடைக்காரருக்குப் பையின் விலை உறைக்கும். சும்மா அள்ளிக் கொடுக்க மனசு வராது. விதியின் உள்நோக்கம் அதுதான். ஆனால் காய்கறிக் கூடைக்காரி கையில் மைக்ரான் அளக்கும் கருவி ஏது? தொட்டுப் பார்த்து 19-க்கும் 21-க்கும் வித்தியாசம் சொல்ல நம்மில் யாரால் முடியும்?

ஜூலை 26

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. பம்பாயில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. நம் கோவில்பட்டிக்கு ஒரு வருஷம் முழுக்கக்கூட அவ்வளவு பெய்யாது. மகாராஷ்டிராவில் அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அன்றைக்கு என் ஆபீஸ் அந்தேரி கிழக்கில். மதியம் மூணு மணிக்கு ரயில் இல்லை, பஸ் இல்லை, போன் இல்லை. நாலைந்து பேராகக் கைகோத்து நடந்தோம். குர்லா பக்கம் வரும்போது தண்ணீர் இடுப்புக்கு மேல். கறுப்பு. முகம் தெரியாத மனிதர்கள் மாடியிலிருந்து இறங்கிவந்து கயிறு கட்டினார்கள், டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். அந்த இரவு முழுக்க ஒரு பள்ளிக்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மதியம்தான் செம்பூர் போய்ச் சேர்ந்தேன்.

தண்ணீர் வடிந்தபின் பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. சாலையோரக் கம்பிவேலி முழுக்க, என் நெஞ்சு உயரத்துக்கு, பிளாஸ்டிக் பைகள். வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு. வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டுக் காட்டுவது மாதிரி வரிசையாக மாட்டிக்கொண்டு, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. சாக்கடை வாய்களில் கை கையாக அதையே வாரி எடுத்தார்கள். நான் தாதரில் வாங்கிய பையும் இதில் இருக்கலாம் என்று தோன்றியது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே தோன்றியது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பம்பாய் மூழ்கியதற்குப் பை மட்டும் காரணம் இல்லை. இந்த ஊரின் மழைநீர் வடிகால்கள் வெள்ளைக்காரன் காலத்தில் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கணக்குப் போட்டுக் கட்டியவை. அவற்றை விரிவாக்கச் சொல்லும் 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை 1993-லேயே வந்து கிடந்தது. மித்தி ஆறு இருபுறமும் ஆக்கிரமிக்கப்பட்டு, விமான நிலையத்தை ஒட்டி வளைத்து ஒடுக்கப்பட்டிருந்தது. அன்று கடல் ஏற்றம் வேறு. பையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மற்ற எல்லோரும் வசதியாகத் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் ஏற்கெனவே குறுகலான சாக்கடையின் வாயில் ஜவ்வுத்தாளை வைத்து அடைத்தது நாம்தான். அதையும் மறைக்க முடியாது.

அடுத்த வருஷம், 2006-ல், மகாராஷ்டிரா 50 மைக்ரானுக்குக் கீழான பைகளைத் தடை செய்தது. மத்திய அரசின் விதி அப்போதும் 20-லேயே நின்றது. ஒரே பை, மாநில எல்லைக்கு அந்தப்பக்கம் சட்டப்படி சரி, இந்தப்பக்கம் தப்பு. லாரிக்கு எல்லை ஒரு தடையா என்ன?

தடையா, காசா?

2002 மார்ச் மாதத்தில், சில நாள் இடைவெளியில், உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு பரிசோதனைகள் தொடங்கின. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிரயோசனம்.

மார்ச் 1: வங்காளதேசம் நாடு முழுக்க மெல்லிய பாலிதீன் பையைத் தடை செய்தது. ஒரு நாடு முழுக்கத் தடை என்பது உலகிலேயே அதுதான் முதல். 1988, 1998 வெள்ளங்களில் டாக்காவின் வடிகால்களைப் பாலிதீன் அடைத்துக்கொண்டதுதான் காரணம். சணல் விளையும் நாடு, மாற்றும் கையில் இருந்தது. ஆரம்பத்தில் நன்றாகவே நடந்தது. பிறகு கண்காணிப்பு தளர்ந்தது, பை மெல்லத் திரும்பி வந்தது. கடைசியில் 2024 அக்டோபரில் சூப்பர்மார்க்கெட்டுகளிலும் நவம்பரில் காய்கறிச் சந்தைகளிலும் மறுபடி முதலிலிருந்து தடையை அமலாக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 4: அயர்லாந்து தடை போடவில்லை. ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டது. அதைக் கடைக்காரர் தன் பையிலிருந்து கட்டக் கூடாது, வாங்குபவரிடம்தான் வசூலிக்க வேண்டும், பில்லில் தெரிய வேண்டும். ஆளுக்கு வருஷம் 328 பை என்றிருந்த கணக்கு 21-க்கு இறங்கியது. மெல்ல ஏற ஆரம்பித்ததும் 2007-ல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள். பதினைந்து சென்ட் என்பது அந்த ஊரில் ஒரு காசே இல்லை. ஆனாலும் 'பை வேணுமா?' என்று கேட்கும்போது ஒரு நொடி யோசிக்க வைத்தது. அந்த ஒரு நொடிதான் வித்தியாசம்.

நம் நாட்டிலும் காசு வாங்கும் யோசனை வராமல் இல்லை. 2011 விதிகள் தடிமனை 40 மைக்ரானாக உயர்த்தி, பையைச் சும்மா கொடுக்கக் கூடாது என்றன. 2016 விதிகள் 50 மைக்ரான் ஆக்கி, பை கொடுக்க விரும்பும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து வருஷம் 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றன. 2018 மார்ச்சில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பெரிய கடைகளில் பைக்குக் காசு வந்தது. தள்ளுவண்டியில் வரவில்லை. பக்கத்து வண்டிக்காரர் சும்மா கொடுக்கும்போது இவர் ஒரு ரூபாய் கேட்டால் யார் வாங்குவார்கள்?

பிறகு தடைகள் வரிசையாக வந்தன. கர்நாடகம் 2016 மார்ச். மகாராஷ்டிரா 2018 மார்ச் 23-ல் அறிவித்து, ஜூன் 23 முதல் அபராதம். தமிழ்நாடு 2019 ஜனவரி 1. மத்திய அரசு 2021-ல் விதிகளைத் திருத்தி, அந்த வருஷம் செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்றாக்கியது. இடையில் 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு மாதிரி ஒருமுறை எறியும் சாமான்களுக்குத் தடை.

20-லிருந்து 120-க்கு வர 23 வருஷம். ஒரு தலைமுறை.

ஐயாயிரம் ரூபாய்

இப்போது நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2018 மழைக்காலம். தடை வந்து சில வாரங்கள். முதல் தடவை பிடிபட்டால் 5,000 ரூபாய், இரண்டாம் தடவை 10,000, மூன்றாவது 25,000-மும் மூன்று மாதச் சிறையும். கொடுப்பவருக்கு மட்டுமில்லை, கையில் வைத்திருப்பவருக்கும் பொருந்தும் சட்டம். அன்று ஆபீஸிலிருந்து நேராக மார்க்கெட். கையில் பை இல்லை. அதே மௌஷிதான். "பிஷ்வி நாஹி, அண்ணா" என்றார் (தென்னாட்டு ஆள் எல்லோரும் இங்கே அண்ணாதான், அவர் என்னைவிட இருபது வயது மூத்தவராக இருந்தாலும்). நான் விடவில்லை. "பழையது ஏதாவது இருக்கும், பாருங்க மௌஷி, யார் பார்க்கப் போறாங்க" என்றேன். பக்கத்தில் வேறு கடைக்குப் போவதுபோல ஒரு பாவனையும் காட்டினேன். தயங்கி, சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பையை உருவிக் கொடுத்தார்.

சோதனைக்கு வந்தவர்கள் அந்த நிமிஷம் பின்னால்தான் நின்றிருந்தார்கள்.

ரசீது அவர் பெயரில். நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கால்சட்டையும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாக நின்றவனை விட்டுவிட்டு, கோணிச்சாக்கில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டார்கள். அவர் கெஞ்சினார். பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கடன் கொடுத்துக் கட்டினார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். 'கேட்டது நான்தான்' என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டம் கூடியதும் நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் 5,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். ரூபாயை அவர் வாங்கவில்லை. மூணு நாள் விடாமல் போய், நாலாவது நாள் கடன் கொடுத்த பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மௌஷி திட்டவில்லை. "பிஷ்வி கொண்டு வா" என்றார், அவ்வளவுதான். அதனால்தான் போன சனிக்கிழமை அவர் சிரிக்கவில்லை.

பையின் வரலாற்றில் என்னை உறுத்துவது இதுதான். தயாரிப்பவர் எங்கோ ஒரு ஷெட்டில். மொத்த வியாபாரி எங்கோ ஒரு குடோனில். கேட்டு வாங்குபவர் நாம். ரசீது மட்டும் பெரும்பாலும் நடுவில் உட்கார்ந்திருக்கிற மௌஷி பெயரில். நாம் மறந்து போகிற ஒவ்வொரு பையும் அவரை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: வாடிக்கையாளரை இழப்பதா, அபராதத்துக்குத் துணிவதா? சட்டம் சரியா தப்பா என்று எத்தனை பின்னூட்டம் வேண்டுமானாலும் போடுங்கள். அந்த நெருக்கடியை அவருக்குக் கொடுக்காமல் இருக்க நம்மால் இன்றே முடியும், அதற்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை.

துணிப்பையும் சும்மா வருவதில்லை

துணிப்பை வாங்கிவிட்டால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், நெய்ய மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமமாக ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். (சாக்கடையை அடைப்பது, மாட்டின் வயிற்றில் சேர்வது எல்லாம் அந்த 131-க்குள் வராது.) வாரத்துக்கு ஒருதரம் காய் வாங்கினால் இரண்டரை வருஷம். கண்காட்சியில் ஒன்று, மாநாட்டில் ஒன்று என்று வாங்கிக் குவித்து அலமாரியில் அடைத்து வைத்திருக்கிறோமே, அது புண்ணியக் கணக்கில் சேராது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. துணி மாதிரியே தோற்றம் காட்டும் 'நான் ஓவன்' பை. நெய்யாத பை. தொட்டால் துணி, உண்மையில் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக். கொஞ்ச நாளில் நார் நாராக உதிரும். தமிழ்நாடு தன் 2019 தடையில் இதையும் சேர்த்தது. மத்திய விதி 2021-லிருந்து சதுர மீட்டருக்கு 60 கிராம் எடையாவது இருக்க வேண்டும் என்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெய்த துணியில் நூல் வரும்.

2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 2022-ல் கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. எந்தப் பையைக் காட்டினால் தியேட்டர் சிரித்ததோ, அதற்கு இப்போது முதலமைச்சர் விழா எடுக்கிறார். செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது தாதர் ஸ்டேஷன்தான்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஊர் வீட்டைக் காலி செய்யும்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால் அதே ஆணி, அதே மஞ்சப்பை. பெயர்கள் அழிந்துவிட்டன. தேதியில் '1984' மட்டும் மங்கலாகத் தெரிகிறது. 131 என்ன, 1,310 தடவை தாண்டியிருக்கும். பம்பாய்க்குக் கொண்டு வந்து பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன், நினைவுப்பொருளாக.

போன சனிக்கிழமை வெண்டைக்காயை ஹெல்மெட்டிலிருந்து கொட்டியபின் அதை வெளியே எடுத்தேன். பீரோவில் வைப்பதற்காக அவள் அதை இத்தனை வருஷம் துவைத்து வைக்கவில்லை. செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஒரு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். வண்டிச் சாவியும் அதே ஆணியில்தான். சாவியை எடுக்க வேண்டும் என்றால் பையைத் தொட்டே ஆக வேண்டும்.

கொசுறு: உங்கள் வீட்டிலும் பழைய கல்யாணத் தாம்பூலப் பை இருந்தால் அதில் உள்ள மிகப் பழைய வருஷத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். 1984-ஐ யார் முந்துகிறார்கள் பார்ப்போம் :-)